அம்மையார்குப்பத்துக்கு நான் கொண்டு போகாத மருந்து

தணிகாசலத்தின் நான்காவது மின்னஞ்சல் வந்தபோது நான் ஜெர்மனியில், எங்கள் ஆய்வுக்கூடத்தின் எலியறையில் கையுறையோடு நின்றிருந்தேன். முந்தைய மூன்றையும் போலவே இதிலும் ஒரு நிறுத்தற்குறிகூட இல்லை. ‘மேடம் நீங்க எலிக்குக் குடுத்த மருந்த எனக்கும் குடுங்க எது ஆனாலும் நானே பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டுத் தர்றேன் நீங்க பயப்பட வேணாம்’

பதினொரு வருடமாக என் பிழைப்பு கல்லீரல்தான். சுண்டெலிகளின் கல்லீரலில் வடு விழவைத்து, அது எப்படிப் பரவுகிறது, எப்படிக் கரைகிறது என்று பார்க்கும் குழுவில் இருக்கிறேன். போன வருடம் ஒரு தமிழ் யூடியூப் சேனலுக்கு இதைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். ‘சுண்டெலியில்’ என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். அவர்கள் வைத்த தலைப்பில் சுண்டெலி இல்லை. ‘கல்லீரல் வடுவை மறைய வைத்த தமிழ்ப் பெண்’ என்று போட்டுவிட்டார்கள். நானும் சிரித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேன்.

அந்த வீடியோவைப் பார்த்து எழுதிய அம்மையார்குப்பத்துத் தணிகாசலத்துக்கு மூன்று முறை பதில் எழுதியிருந்தேன். மனிதருக்குக் கொடுக்கிற மருந்து எங்களிடம் இல்லை என்று தெளிவாகவே எழுதினேன். அவர் நம்பவில்லை. நான் மறைக்கிறேன் என்று நினைத்தார். ஆகஸ்டில் அம்மாவைப் பார்க்கத் திருச்செந்தூருக்கு விடுமுறையில் வந்தவள், திரும்பிப் போவதற்கு முன் நான்கு நாளை இதற்கென்று ஒதுக்கினேன். எழுத்தில் நம்பாதவர் நேரில் சொன்னால் நம்புவார் என்று ஒரு கணக்கு.

அவர் ஊருக்குப் போகும் வழியில் திருத்தணியில் இறங்கிய காலையில் கண்ணில் பட்ட பாதிப்பேர் மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருந்தார்கள். எங்கள் ஊர் முருகன் கடலோரத்தில் நிற்கிறார்; கும்பிட வருகிறவர்கள் உப்புக் காற்றில் நனைந்து பிசுபிசுவென்று திரும்புவார்கள். இங்கே மலை. படியேறி வந்தவர்கள் கால் நடுங்க, முகம் தெளிந்து இறங்குகிறார்கள். நானும் பாதிப் படி ஏறினேன். மூச்சு வாங்கியது. ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து ஊரைப் பார்த்துவிட்டு, மிச்சத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டேன்.

விடுதி மேலாளர் பதிவேட்டில் என் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ இருப்பதைப் பார்த்ததும் வேட்டியைத் தூக்கி முட்டியைக் காட்டினார்.

“படி எறங்கசொல்லோ கடக்குனு சத்தம் வருதுங்க. இன்னா பண்றது?”

“நான் அந்த டாக்டர் இல்லைங்க. ஆராய்ச்சி.”

“இன்னா ஆராய்ச்சி?”

“எலி.”

அவர் வேட்டியைக் கீழே விட்டார். “எலிக்கா டாக்டரு?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

நாஷ்டாவுக்கு இட்லி. கூடவே வந்த காரச் சட்னி ஆந்திரம் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதை நாக்கில் எழுதிக் காட்டியது. இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். என்னவென்று பக்கத்தில் இருந்த பூக்காரம்மாவிடம் கேட்டேன். அவர் மொழிபெயர்த்தார்: “அந்தம்மா புருசன் ஐதராபாத் போனதுலேர்ந்து தெனம் போன் பண்ணி சாப்ட்டியான்னு கேக்குறானாம். வூட்ல இருந்த இருவது வருசத்துல ஒரு நாள் கேக்கலையாம்.”

கே.ஜி.கண்டிகை தாண்டுவதற்குள் பஸ் இருமி நின்றது. “எறங்குங்க, எறங்குங்க, இனிமே இது நவுராது” என்றார் நடத்துநர், ஏதோ நல்ல செய்தி போல. யாரும் கோபப்படவில்லை. எல்லோரும் டீக்கடைப் பக்கம் நடந்தார்கள். நான் இருக்கும் ஊரில் ரயில் நாலு நிமிடம் தாமதமானால் நடைமேடையே முகம் சுளிக்கும். இங்கே ஒரு மணி நேரம் போனதில் எனக்கு சூடாக இரண்டு மசால் வடையும், ஷேர் ஆட்டோவில் ஓர் ஓரமும் கிடைத்தன.

அம்மையார்குப்பத்தில் தெருவுக்குள் நுழையும்போதே விசைத்தறிச் சத்தம் காலில் அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் முகவரி கேட்பது கஷ்டம். கத்திக் கேட்டேன். கையால் காட்டினார்கள்.

தணிகாசலத்துக்கு நாற்பத்தொரு வயது. பார்த்தால் ஐம்பத்தைந்து சொல்லலாம். கைகால் குச்சியாக, வயிறு மட்டும் நீர் கோத்து உப்பியிருந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. எனக்காகச் சலவைச் சட்டை போட்டிருந்தார். அவர் ஓட்டிய தறிகளை இப்போது மனைவி கோமளா ஓட்டுகிறார். கோமளா தறியை நிறுத்தியதும் வீடு திடீரென்று அமைதியாயிற்று.

“வாங்க மேடம், குந்துங்க. வெயில்ல வந்துருக்கீங்க” என்றார் தணிகாசலம். சொல்லிக்கொண்டே என் பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி பையைப் பார்த்தார். மேசையில் ஒரு முத்திரைத்தாள், கையெழுத்துப் போட்டபடி, காற்றில் பறக்காமல் இருக்க மேலே செம்பு வைத்து இருந்தது.

அவர் நான் மருந்தோடு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

கோமளா முதலில் சாப்பிடச் சொன்னார். சோறு, முருங்கைக்காய் சாம்பார், பொரியல். எதிலும் உப்பு இல்லை. எனக்கு மட்டும் ஓரமாகக் கொஞ்சம் உப்பு வைத்திருந்தார்கள். தணிகாசலத்துக்கு உப்பு ஆகாது என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் உப்புப் போட்டுச் சாப்பிடுவதில்லை. நானும் உப்பைத் தொடாமல் சாப்பிட்டேன்.

“நான் ஒரு சொட்டு குடிச்சதில்லைங்க” என்றார் தணிகாசலம், நான் கேட்காமலே. “ஏதோ பி வைரஸாம். எப்பவோ ஒடம்புக்குள்ள வந்து குந்திகினு இருந்துச்சாம். ஈரல் சுருங்கிப்போச்சுன்னு சொன்னா, ஊர்ல எல்லாரும் குடின்றாங்க. அதுக்கோசரம் வெளியவே போறதில்ல.”

அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை.

“நான் மருந்து எதுவும் கொண்டு வரலை. எங்ககிட்ட மனுஷங்களுக்குக் கொடுக்கிற மருந்து இல்லை. அதை உங்க முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் வந்தேன்.”

அவர் கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: “எலிக்கு மட்டும் இருக்குது?”

“சுண்டெலிக்கு வேலை செய்யிற மாதிரி தெரியுது. அவ்வளவுதான்.”

“எலி பொழச்சிக்கினா போதும். மனுசன் வேணாம்.” கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

பஸ் நிறுத்தம் வரை கோமளா கூட வந்தார். வரும் வழியில்தான் முழுக் கதையும் தெரிந்தது. சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் மாற்று ஈரல் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிப்பட்டில் இருக்கும் தணிகாசலத்தின் அக்கா சுலோச்சனா தன் ஈரலில் ஒரு பங்கு தர முன்வந்து, எல்லாப் பரிசோதனையும் முடிந்து, பொருந்தியும் விட்டது. தேதி குறிக்கப் போகும் வாரத்தில்தான் தணிகாசலம் என் வீடியோவைப் பார்த்திருக்கிறார். அக்காவை அறுக்க வேண்டாம், மருந்து வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டார். ஐந்து மாதமாயிற்று.

“அந்த வீடியோவ போன்ல தெனம் பாக்குதுங்க. நீங்க பேசுறது மொத்தமும் மனப்பாடம்.” கோமளா குறையாகச் சொல்லவில்லை. ஐந்து மாதம் என்பது அந்த வயிற்றுக்கும் அந்தக் கண்ணுக்கும் என்னவென்று எனக்குத் தெரியும். அன்று மாலை விடுதிக்கு வந்ததும் அந்தச் சேனலுக்கு எழுதி, வீடியோவை எடுக்கச் சொன்னேன். பிறகு கோமளாவிடம் வாங்கிய எண்ணில் அக்காவை அழைத்தேன்.

மறுநாள் பள்ளிப்பட்டு. வாடகை ஆட்டோ ஒரு மேட்டில் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டது. வழியோடு இருசக்கர வண்டியில் போன ஒரு பாய் நின்றார். அரக்கோணத்தில் பட்டறை வைத்திருப்பவராம். அவர் எதையோ கழற்றி, ஊதி, மறுபடி மாட்டினார். ஆட்டோ கிளம்பியது. “இவ்ளோதான். அழுக்கு அடச்சிகினு இருந்துச்சு” என்றார். ஒரு டீயாவது குடியுங்கள் என்றேன். “நோன்பு இல்ல, ஆனா டைம் இல்ல” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

சுலோச்சனா நாற்பத்தைந்து வயதுப் பெண், தம்பியைவிட இளமையாகத் தெரிந்தார். கணவர் ஜெயராமன் கரும்பு போட்டிருப்பவர். பெரிய உடம்பு, சன்னமான குரல். களியும் புளிச்சக்கீரைக் கடைசலும் வைத்தார்கள். நான் களியை மென்றதைப் பார்த்து சுலோச்சனா பதறினார். “கடிக்கக் கூடாதுங்க, முழுங்கணும்.” முழுங்கினேன். மூன்றாவது உருண்டையில் பிடிபட்டது.

சாப்பிட்டதும் ஜெயராமன் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஆஸ்பத்திரில சொல்றாங்க, பாதிக்கு மேல வெட்டி எடுத்தாலும் மறுபடி வளந்துரும்னு. நெஜமா? நீங்க கண்ணால பாத்திருக்கீங்களா?”

“மனுஷங்கள்ல நான் பார்த்ததில்லை. எலிகள்ல நிறையப் பார்த்திருக்கேன்.”

“சொல்லுங்க.”

சொன்னேன். நான் வேலை கற்றுக்கொண்ட முதல் வருடம் அதுதான் பாடம். எலியை மயங்க வைத்து, கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிட்டுத் தைத்துவிடுவோம். மறுநாள் அது சோர்ந்து கிடக்கும். பிறகு தின்ன ஆரம்பிக்கும். ஒரு வாரம், பத்து நாளில் திறந்து பார்த்தால் பழைய எடை இருக்கும். வெட்டிய மடல் திரும்ப முளைக்காது. மிச்சம் விட்ட மடல்கள் பெருத்து அந்த வேலையையும் எடுத்துக்கொள்ளும். போதுமான அளவு வந்ததும் தானாக நின்றுவிடும். எப்படி நிற்கிறது என்பது இன்னும் முழுசாக யாருக்கும் தெரியாது.

“எலி ஒண்ணும் சாகலையா?”

என்னை யாரும் இத்தனை நேராக இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. “செத்துச்சு. என் கையில செத்துச்சு. முதல்ல எனக்கு வேலை தெரியலை. ரத்தம் நிக்காமப் போயிருக்கு. உங்க மனைவிக்குச் செய்யப்போறவங்க அதுல தேர்ந்தவங்க. ஆனாலும் ஆபத்தே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். யாரும் சொல்ல முடியாது. என்னென்ன ஆகலாம்னு ஆஸ்பத்திரியில ஒவ்வொண்ணாக் கேளுங்க. சும்மா இருக்கிற ஆளை அறுக்கிறாங்க, கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு.”

ஜெயராமன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுலோச்சனா தட்டுகளை எடுக்க வந்தவர், எடுக்காமல் நின்றார்.

“அந்த எலிங்கள யாராச்சும் கேட்டாங்களா, வெட்டிக்கட்டுமான்னு?”

“இல்லைங்க.”

“என்னைக் கேக்குறாங்க இல்ல? நான் சரின்னு சொல்லிட்டேன். அது வேற, இது வேற.” கணவரைப் பார்த்தார். “நீ இன்னா சொல்ற?”

ஜெயராமன் தலை நிமிர்ந்தார்: “நானு எப்ப வேணாம்னேன். பயமா கீதுன்னு சொன்னேன். பயம்னு கூட சொல்லக்கூடாதா?”

“சொல்லு. சொல்லிகினே கூட வா” என்றார் சுலோச்சனா. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் உள்ளே போனபின்னும் எலிகளைப் பற்றி அவர் கேட்டதே எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு எலிக்கும் அனுமதிப் படிவம் உண்டு. குழு கூடும், வலி குறைக்க விதிகள் உண்டு, நான் எல்லாவற்றிலும் கையெழுத்திடுகிறேன். அந்தக் கேள்வி மட்டும் எந்தப் படிவத்திலும் இல்லை.

மூன்றாம் நாள் காலை மூவருமாக அம்மையார்குப்பம் போனோம். ஜெயராமனின் வண்டியில் அவர்கள், பின்னால் பஸ்ஸில் நான். நான் போய்ச் சேர்வதற்குள் அக்காவும் தம்பியும் ஒரு சண்டை போட்டு முடித்திருந்தார்கள் போல. தணிகாசலம் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார், வேண்டாம் என்றேன். கோமளா இன்றைக்கும் தறியை நிறுத்தினார்.

“முந்தாநேத்து நீங்க சொன்னத நான் நம்பல” என்றார் தணிகாசலம். “பெரிய கம்பெனிக்காரன் தடுக்கிறான், அதான் தர மாட்றீங்கன்னு நெனச்சேன்.”

நான் கைப்பேசியைத் திறந்து, நுண்ணோக்கியில் எடுத்த இரண்டு படங்களைக் காட்டினேன். வடு விழுந்த சுண்டெலியின் கல்லீரல்: வெளிர் மஞ்சள் திசுவுக்குள் சாயம் பிடித்த சிவப்புக் கோடுகள், வலைபோல. அடுத்தது அந்தக் கோடுகள் பெரும்பாலும் கரைந்த ஒன்று. அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“இது போய், இது வந்துருக்குது.”

“ஆமா. ஆனா வீடியோவில நான் சரியாச் சொல்லாத ஒண்ணைச் சொல்றேன். இந்த வடுவை வரவழைச்சது நாங்கதான். ஒரு விஷத்தை ஆறு வாரம் விடாம ஊசியில கொடுப்போம், வடு வந்துரும். ஊசியை நிறுத்தினா, எந்த மருந்தும் இல்லாமலே அதுல பாதி தானாக் கரைய ஆரம்பிக்கும். சுண்டெலிக்கு அது ஆறு வார வடு. எங்க மருந்து அதைக் கொஞ்சம் வேகப்படுத்துதுன்னு தோணுது. உங்களுக்கு இருக்கிறது இருபது வருஷ வடு. அதுக்கு இது என்ன செய்யும்னு எனக்குத் தெரியாது. நல்லது செய்யுமா, கெட்டது செய்யுமான்னே தெரியாது. தெரிஞ்சிக்கவே இன்னும் பல வருஷம் ஆகும்.”

“எத்தினி வருசம்?”

“உங்களால காத்திருக்க முடியாத அளவு.”

அதைச் சொல்லிவிட்டுக் கோமளாவைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தணிகாசலம் கைப்பேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பக்கத்து வீட்டுத் தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“மருந்துன்னா யாரையும் அறுக்க வேணாம் பாருங்க” என்றார் கடைசியில். “நானு அதுக்குத்தான் ஆசப்பட்டேன். என் உசுருக்கு மட்டும் இல்ல. நைனா செத்தப்ப எனக்கு ஆறு வயசு. அதுலேர்ந்து இந்தக் கழுத எனக்குக் குடுத்துகினே கீது. படிப்ப விட்டுச்சு, தறிக்கு வந்துச்சு, என் கல்யாணத்துக்கு அப்பாலதான் தனக்குப் பண்ணிகிச்சு. இப்ப ஒடம்பையும் வெட்டிக் குடுக்குதாம். எங்கன்னா ஒரு எடத்துல நிறுத்த வேணாமா?”

சுலோச்சனா அழுவார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம் வந்தது.

“நீ யாருடா நிறுத்துறதுக்கு? நானு குடுத்தேன், நீ வாங்கிகினியான்னு கணக்கு வச்சிருக்கியா? ஈரல் திரும்ப வளருதாம், இந்தம்மா பாத்திருக்குது. நீ செத்தா திரும்ப வளருவியா?”

ஜெயராமன் தொண்டையைச் செருமினார். “மச்சான், நான் ஆஸ்பத்திரில கேக்கறதுக்குப் பதினேழு கேள்வி எழுதி வச்சிக்கிறேன்.” சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துக் காட்டினார். “எல்லாத்துக்கும் பதில் சொன்னா, நானே கையெழுத்துப் போடுவேன். திங்கக்கெழம போலாம். நீ வா.”

“வர்றேன் பாவா” என்றார் தணிகாசலம். “வர்றேன்.”

கோமளா எழுந்து உள்ளே போனார். ஏதோ எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். நின்றிருந்த தறி ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் அவர் அழுதாரா இல்லையா என்று யாருக்கும் கேட்கவில்லை.

நான்காம் நாள் மலையில் மிச்சப் படிகளையும் ஏறினேன். வேண்டிக்கொள்ள ஒன்றுமே தோன்றவில்லை. சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

ஜெர்மனி திரும்பியபின் பல வாரம் நான் அழைக்கவில்லை. பயம்தான். மார்கழியில் ஜெயராமன் செய்தி அனுப்பினார்: இருவருக்கும் அறுவை முடிந்தது. அதற்குப் பின் தணிகாசலத்துக்குக் கிருமித் தொற்று. மூன்று வாரம் இன்னதென்று சொல்ல முடியாமல் இருந்தது. அந்த மூன்று வாரமும் எலியறையில் நான் கூண்டு எண்களைத் தப்புத் தப்பாக எழுதினேன். பிறகு மெல்லத் தேறினார். சித்திரையில் ஒரு படம் வந்தது: சுலோச்சனாவின் வயிற்று ஸ்கேன், கூடவே ‘பாத்து சொல்லுங்க’ என்று ஒரு வரி. படம் பார்த்துச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, மருத்துவர் எழுதியதை அனுப்புங்கள் என்றேன். அனுப்பினார். கல்லீரல் கிட்டத்தட்டப் பழைய அளவுக்கு வந்திருந்தது. ஆயிரக்கணக்கான எலிகளில் பார்த்த அதே விஷயம். நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தணிகாசலமே அழைத்தார். குரல் திடமாக இருந்தது, இருபது வயது குறைந்த மாதிரி. தறியில் தினம் ரெண்டு மணி நேரம் நிற்கிறாராம்.

“மேடம், ஒரு டவுட்டு. இப்பல்லாம் எனக்குக் கருவாடு புடிக்கவே மாட்டேங்குது. வாசனை வந்தாலே கொமட்டுது. அக்காவுக்குச் சின்ன வயசுலேர்ந்து கருவாடு ஆகாது. அது ஈரல் உள்ள வந்ததுனாலயா?”

“இல்லைங்க. அப்படியெல்லாம் வராது. நீங்க சாப்பிடுற மாத்திரையில வாய் ருசி மாறும். அதுவா இருக்கும். டாக்டர்கிட்ட சொல்லுங்க.”

“ஆங், நானும் அப்படித்தான் நெனச்சேன்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஆனா அக்காகிட்ட மாத்திரைதான்னு சொல்லிடாதீங்க. அதுக்கு ரொம்ப சந்தோசம்.”